வெளியே நிறுத்தச் சொன்னவன் நான்

(பட்டிமன்றத் தலைப்பு: கல்லூரி வளாகத்துக்குள் மாணவர் வண்டிக்கு இடம் தர வேண்டுமா, வேண்டாமா? ‘தர வேண்டும்’ அணியில் பேசியது.)

எனக்கு முன்னால் பேசி, உங்கள் கைதட்டலையெல்லாம் மொத்தமாக வாரிக்கொண்டு போய் அமர்ந்திருக்கிற எதிரணித் தலைவர் அம்மா அவர்களே! வீட்டிலே இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்புக் குடும்பங்களே!

நடுவர் அய்யா, ஒரு உண்மையை முதல்லயே சொல்லிடறேன். இன்னைக்கு நான் இங்கே கால்மணி நேரம் தாமதமா வந்தேன். காரணம் என்ன? வண்டி நிறுத்த இடம் கிடைக்கலை. (சிரிப்பு) இந்தத் தெருவை மூணு சுத்து சுத்தினேன். மூணாவது சுத்துல பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன சார், பிரதட்சணமா?”ன்னு கேட்டார். (பலத்த சிரிப்பு) ஆகவே, வண்டிக்கு இடம் வேண்டும் என்று பேச என்னைவிடத் தகுதியான ஆள் இன்றைக்கு இந்த மேடையில் கிடையாது.

எதிரணி அம்மா அழகாகப் பேசினாங்க. பாரி வள்ளலை இழுத்துக்கிட்டு வந்தாங்க. “முல்லைக்கொடிக்குத் தேரையே கொடுத்த மண்ணில், மரம் நிற்கிற இடத்தை வண்டிக்குக் கொடுக்கலாமா?”ன்னு கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டிட்டு யோசிச்சுப் பார்த்தேன். பாரி தேரைக் கொடுத்தான், சரி. அப்புறம் எப்படி வீட்டுக்குப் போனான்? நடந்து போயிருப்பான்! ஏன் நடக்க முடிஞ்சுது? பறம்பு மலை அவனுடைய மலை. வீடு பக்கத்துல. (சிரிப்பு) என் மாணவன் வீடு இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு அம்மா! அவன் வண்டியை முல்லைக்குக் கொடுத்துட்டு நடந்தான்னா, இன்னைக்கு மாலை கிளம்பினவன் வீட்டுக் கதவைத் தட்டும்போது ராத்திரி பத்து மணி ஆயிடும். (கைதட்டல்)

அடுத்து, சென்னை ஐ.ஐ.டி.யைக் காட்டினாங்க. “1959இல் தொடங்கின நிறுவனம், அறுநூறு ஏக்கருக்கு மேலே காடு, மான் துள்ளுது, மாணவன் சைக்கிளில் போறான், மோட்டார் வண்டி வச்சுக்க அவனுக்கு அனுமதி இல்லை. அங்கே படிக்கிறவன் படிக்கலையா?”ன்னாங்க. நல்ல உதாரணம்தான். ஆனா அம்மா பாதியைச் சொல்லிட்டு மீதியை விட்டுட்டாங்க. அங்கே மாணவன் விடுதியிலேயே தங்கியிருக்கான். காலையில எழுந்து பல்லைத் துலக்கினா வகுப்பு. வளாகத்துக்குள்ளேயே பேருந்து ஓடுது. விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர், பேருந்துகளுக்கு மலைகளின் பெயர். அங்கே மலையே வந்து மாணவனை ஏத்திக்கிட்டுப் போகுது அய்யா! (பலத்த சிரிப்பு) எங்க கல்லூரியில மாணவன்தான் தினமும் மலையேறி வர்றான். விடுதியில் இருக்கிற பிள்ளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்றது நியாயம். வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைக்கும் அதையே சொல்றது எப்படி நியாயமாகும்?

இப்போ எதிரணி சொன்னதிலேயே கனமான வாதத்துக்கு வர்றேன். விளையாட்டா பதில் சொல்லக்கூடாத வாதம். விபத்து. 2022ஆம் ஆண்டு ஒரே ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்துபோனவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். “உள்ளே இடம் கொடுத்தால் வீட்டுக்கு வீடு வண்டி வாங்கிக் கொடுப்பாங்க, பிள்ளையை இழப்பாங்க”ன்னு அம்மா சொன்னப்போ, முன்வரிசையில் ஒரு தாய் கண்ணைத் துடைச்சதை நான் பார்த்தேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கு. நானும் ராத்திரி வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் தூங்காம கிடக்கிறவன்தான்.

ஆனா ஒண்ணு கேட்கிறேன். உள்ளே இடம் கிடையாதுன்னு பலகை மாட்டிட்டா, வண்டி காணாமப் போயிடுதா? போகலையே! கேட்டுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்துல, முந்நூறு வண்டி வரிசையா நிக்குது. நடக்கிறவங்களுக்கு இருந்த மண்பாதையும் போச்சு. பேருந்தை விட்டு இறங்குற பெண் பிள்ளைகள், லாரி வர்ற தார்ச்சாலையில இறங்கி நடந்து வர்றாங்க. வண்டி எங்கேயும் போகலை அய்யா. நம்ம பொறுப்புதான் கேட்டைத் தாண்டி வெளியே போயிடுச்சு. (கைதட்டல்)

உள்ளே விட்டுப் பாருங்க. கேட்டுலயே பிடிக்கலாம். “தம்பி, லைசென்ஸ் எங்கே? ஹெல்மெட் எங்கே?” பதினாறு வயசுல ஐம்பது சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டிதான். கியர் வண்டிக்குப் பதினெட்டு முடியணும். அதுதான் சட்டம். முதலாண்டு சேர்கிற பிள்ளைகளில் பல பேருக்குப் பதினேழுதான் நடக்குது. வயசு வராத பிள்ளை கையில வண்டியைக் கொடுத்தால், பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறைன்னு 2019இல் சட்டத்தையே திருத்தினாங்க. இதையெல்லாம் பார்த்து அனுமதிச் சீட்டு கொடுக்கிற கல்லூரி, ஒரு உயிரையாவது காப்பாத்தும். வெளியே நிறுத்துன்னு சொல்ற கல்லூரிக்கு, எவன் ஹெல்மெட் போட்டான், எவன் மூணு பேரை ஏத்திக்கிட்டு வந்தான்னு எப்படித் தெரியும்?

“அதெல்லாம் சரி, இடத்துக்கு எங்கே போறது?”ன்னு கேட்டாங்க. கணக்குப் போடுவோம். நான் தமிழ் வாத்தியார். என் கணக்குல தப்பு வந்தா நடுவர் அய்யா திருத்தணும். அவரும் தமிழ் வாத்தியார்தான். (சிரிப்பு) ஒரு கார் நிற்க அகலம் இரண்டரை மீட்டர், நீளம் ஐந்து மீட்டர். அது வளைஞ்சு திரும்பி வர்ற பாதையையும் சேர்த்தா, ஒரு காருக்குச் சுமார் 23 சதுர மீட்டர்னு கட்டடக் கலைஞர்கள் கணக்கு வச்சிருக்காங்க. தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பறைக்கு ஏ.ஐ.சி.டி.இ. பல காலமாகச் சொல்லி வந்த அளவு 66 சதுர மீட்டர். அப்போ மூணு கார் நிக்கிற இடம், அறுபது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற ஒரு வகுப்பறை! எதிரணி சொல்றது சரிதான். இடம் பெரிய செல்வம். நான் மறுக்கலை.

ஆனா அந்த மூணு கார் யாருடையது? மாணவனுடையதா? ஒண்ணு முதல்வருடையது. ஒண்ணு கணக்குத் துறைத் தலைவருடையது. மூணாவது... (சிரிப்பு) ஏன் சிரிக்கிறீங்க? ஆமா, என்னுடையதுதான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நான் ஒருத்தன், ஒரு டிபன் கேரியர், ஒரு குடை. இதைச் சுமந்துக்கிட்டு வர்ற வண்டிக்கு வேப்பமர நிழல், மேலே தகரக் கூரை, ‘ஆசிரியர்களுக்கு மட்டும்’னு பலகை. ஒரு இருசக்கர வண்டிக்கு ஒரு மீட்டர் அகலம், ஒன்று புள்ளி எட்டு மீட்டர் நீளம் போதும். என் கார் நிக்கிற இடத்துல தாராளமா ஆறு மாணவன் வண்டி நிறுத்தலாம். இடம் இல்லைன்னு சொல்லாதீங்க அய்யா. இடம் இருக்கு. அதுல நாங்க நிறுத்தியிருக்கோம். (நீண்ட கைதட்டல்)

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 1958 முதல் 1967 வரை தலைவராக இருந்தவர் கிளார்க் கெர். பேராசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க, அவங்களை ஒண்ணா சேர்த்து வச்சிருக்கிறதே வண்டி நிறுத்த இடமில்லைங்கிற பொதுக் குறைதான் என்கிற கருத்தில் 1963இல் கிண்டலாக எழுதினார். அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நோபல் பரிசு வாங்கினவர்களுக்குத் தனியா வண்டி நிறுத்த இடம் ஒதுக்கிப் பலகை வச்சிருக்காங்க. அங்கே நிழலில் நிறுத்த நோபல் பரிசு வாங்கணும். நம்ம ஊர்ல காவலாளிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தா போதும். (பலத்த சிரிப்பு)

நடுவர் அய்யா, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் என்ன செய்யணும்னு நம்ம சங்க இலக்கியமே சொல்லுது. மோசிகீரனார்னு ஒரு புலவர். வெகுதூரம் நடந்து வந்த களைப்பு. அரண்மனையில் ஒரு கட்டில் காலியா இருந்துச்சு. பூ மெத்தை மாதிரி இருந்துச்சு. படுத்துத் தூங்கிட்டார். அது முரசு வைக்கிற கட்டில்! முரசை நீராட்டக் கொண்டு போயிருக்காங்க. அதுல ஏறினா வாளால் வெட்டலாம், அவ்வளவு பெரிய குற்றம். சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான். வெட்டினானா? இல்லை. கவரியை எடுத்து, அவர் எழுந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு காத்து வீசினான். அவன் ஏன் வெட்டலை? களைச்சுப் போய் வந்தவன் தெரிஞ்சு செய்யலைன்னு அவனுக்குப் புரிஞ்சுது. இன்னைக்கு நம்ம கல்லூரியில என்ன நடக்குது? தெரியாம ஒரு பையன் மரத்தடியில வண்டியை நிறுத்திட்டான்னா, காவலாளி வந்து டயர்ல இருக்கிற காத்தைப் பிடுங்கி விடுறார். அந்த மன்னன் காத்து கொடுத்தான். நாம காத்தைப் பிடுங்குறோம்! (நீண்ட கைதட்டல்)

சிரிச்சிட்டோம். இனிமே நான் சொல்லப் போறதுக்குக் கைதட்ட வேண்டாம்.

2009ஆம் ஆண்டு. நான் வேலை பார்த்த கல்லூரியில ஒழுங்குக் குழு கூடினது. மாணவர் வண்டிகளால சத்தம், சண்டை. ஒரு நாள் வராண்டா வரைக்கும் வண்டியை ஓட்டிக்கிட்டு வந்துட்டான் ஒருத்தன். கோபம் எல்லோருக்கும். “இனி எந்த மாணவர் வண்டியும் கேட்டுக்குள் வரக்கூடாது”ன்னு தீர்மானம். ஏழு பேர் கையெழுத்து. அதில் நாலாவது கையெழுத்து என்னுடையது. ஆமா அய்யா, வெளியே நிறுத்தச் சொன்னவன் நான்.

என் வகுப்புல ஒரு பையன். பேர் வேண்டாம். மூணாம் ஆண்டு. அப்பாவுக்கு முடியாம போயி, வீட்டுத் தொழிலை அவன் பார்த்தான். விடியக்காலை நாலரை மணிக்கு எழுந்து, வீடு வீடாப் போய்ப் பால் எடுத்து, பழைய டி.வி.எஸ். ஐம்பதுல இரண்டு பக்கமும் கேனைக் கட்டி, சொசைட்டியில ஊத்திட்டு, அதே வண்டியில கல்லூரிக்கு வருவான். சட்டையில பால் வாடை அடிக்கும். பக்கத்துல உட்கார்ந்தவன் கிண்டல் பண்ணுவான். அவன் சிரிச்சுக்குவான். அவன் ஊருக்குக் காலையில ஏழு மணிக்கு ஒரு பஸ். அதை விட்டா பத்தரைக்கு. ஏழு மணிக்கு அவன் சொசைட்டி வாசல்ல நிப்பான். அப்போ வண்டி இல்லாம அவன் எப்படி வருவான்? தீர்மானம் போட்ட அன்னைக்கு எங்க ஏழு பேர்ல ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி தோணலை.

தீர்மானம் வந்தது. எல்லோரையும் போல அவனும் வெளியே நிறுத்தினான். மூணாவது வாரம், சாயங்காலம் போய்ப் பார்க்கிறான், வண்டி இல்லை.

கல்லூரியில கேட்டான். “வெளியே நிறுத்தினதுக்கு நாங்க பொறுப்பு இல்லை”ன்னு சொன்னோம். வெளியே நிறுத்தச் சொன்னது யாரு? நாங்கதான். போலீஸ்ல மனு கொடுத்தான், ரசீது கொடுத்தாங்க. இன்சூரன்ஸ் இருந்துச்சு. ஆனா மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ். அதாவது, அவன் வண்டி யாரையாவது இடிச்சா இடிபட்டவருக்குப் பணம் வரும். அவன் வண்டியே களவு போனா ஒரு காசு வராது. நம்ம வீடுகளில் உள்ள பழைய வண்டிகளுக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான். வீட்டுக்குப் போனதும் பத்திரத்தை எடுத்துப் படிச்சுப் பாருங்க.

வருகைப் பதிவேட்டுல பதினோரு நாள் அவன் பேருக்கு நேரே ‘ஆப்சென்ட்’ போட்டேன். ஏன் வரலைன்னு நான் கேட்கலை. பன்னிரண்டாவது நாள் வந்தான். படிக்க வரலை. டி.சி. வாங்க வந்தான். வண்டி போச்சு, பால் போச்சு. வேற ஊருக்கு வேலைக்குப் போறான். டி.சி. வாங்கணும்னா ஒரு தாள் உண்டு. ‘நோ டியூஸ்’னு சொல்லுவோம். நூலகம், விளையாட்டுத் துறை, துறைத் தலைவர்னு வரிசையா கையெழுத்து வாங்கணும். அந்தத் தாளை என் முன்னால நீட்டினான். “இந்த மாணவனிடமிருந்து கல்லூரிக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.” கையெழுத்துப் போட்டேன்.

அய்யா, அவன் கல்லூரிக்குத் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லைதான். கல்லூரி அவனுக்குத் தர வேண்டிய பாக்கியை எழுத அந்தத் தாளில் இடமே இல்லையே! ஒரு கையெழுத்துப் போட்டு அவன் வண்டியை வெளியே அனுப்பினேன். இன்னொரு கையெழுத்துப் போட்டு அவனையே வெளியே அனுப்பினேன்.

(அரங்கில் அமைதி)

சினிமாக் கொட்டகைக்குப் போங்க. சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு டோக்கன் கிழிச்சுக் கொடுப்பான். இரண்டரை மணி நேரம் படம் பார்க்க வர்றவன் வண்டிக்கு ஒருத்தன் பொறுப்பு எடுத்துக்கிறான். மூணு வருஷம் பாடம் படிக்க வர்றவன் வண்டிக்குப் பொறுப்பு எடுக்க ஒரு ஆள் இல்லையா? நான் கேட்கிறது கூரையும் இல்லை, பளிங்குத் தரையும் இல்லை. அந்த டோக்கனைத்தான் கேட்கிறேன்.

அப்படின்னா எல்லா வண்டியையும் உள்ளே விடணுமா? இல்லை. எதிரணி சொன்னதில் நல்லதை நான் எடுத்துக்கறேன். விடுதியில் தங்குகிறவனுக்கு அனுமதி வேண்டாம். லைசென்சும் ஹெல்மெட்டும் இல்லாதவனுக்கு வேண்டாம். வண்டி கேட்டை ஒட்டி நிக்கட்டும். வகுப்பறைப் பக்கம் சைக்கிளும் கால்களும் மட்டும் போகட்டும். சைக்கிளுக்கு முதல் இடம், மாணவன் மோட்டார் வண்டிக்கு இரண்டாம் இடம், எங்க காருக்குக் கடைசி இடம். எல்லாத்துக்கும் மேலே பஸ். வகுப்பு நேரத்தையும் பஸ் நேரத்தையும் சேர்த்து வைங்க. பாதிப் பேர் வண்டியைத் தானா விட்டுடுவாங்க. கலிபோர்னியாவிலேயே டேவிஸ்னு ஒரு வளாகம். 1968இல் லண்டனிலிருந்து இரண்டு பழைய மாடிப் பேருந்துகளை வாங்கி, மாணவர்களையே ஓட்டச் சொல்லி ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அது ஊருக்கே பேருந்து. வண்டியைக் குறைக்கிற வழி அதுதான். வழியைக் காட்டாம வாசலை மட்டும் சாத்தினா, நாதியத்தவன்தான் வெளியே நிப்பான். வசதி இருக்கிறவன் அப்பா காரில் வந்து இறங்கிக்குவான்.

எங்க கல்லூரியிலும் பிறகு மாத்தினோம். இரண்டு வருஷம் ஆச்சு. பன்னிரண்டு கார் நின்ற இடத்தில் இப்போ பிள்ளைகளின் வண்டி நிக்குது. நான் இன்னொரு பேராசிரியரோட காரில் சேர்ந்து போறேன். அவர் நல்லவர், ஆனா வழி பூரா பாடுவார். அது என் தண்டனை. (சிரிப்பு)

மணி அடிக்கப் போறாங்க. ஒரே ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு கல்யாணம். முகூர்த்த நாள். மண்டபத்து வாசல்ல கார் நிறுத்த இடமில்லை. வீட்டுக்காரம்மா பக்கத்துல உட்கார்ந்து, “அப்பவே ஆட்டோவில வரலாம்னு சொன்னேன்”ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அப்போ ஒரு ஆள் ஓடி வந்தார். முப்பது வயசு தாண்டியிருக்கும். நிழலில் நின்ன தன்னுடைய பால் வேனை எடுத்து வெயிலில் நிறுத்தினார். கையைக் காட்டி, “அய்யா, இங்கே நிறுத்துங்க அய்யா”ன்னார். கண்ணாடியை இறக்கினேன். அவன்தான்.

“அய்யா, நல்லா இருக்கீங்களா?”ன்னு கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. என் வீட்டுக்காரம்மா, “யாருங்க, உங்க மாணவரா? எவ்வளவு மரியாதையான பிள்ளை! எந்த வருஷம் முடிச்சார்?”ன்னு கேட்டாங்க. முடிக்கலைன்னு நான் அவங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

அய்யா, அவன் வண்டிக்கு நான் இடம் கொடுக்கலை. என் வண்டிக்கு அவன் தன் நிழலையே கொடுத்துட்டு வெயில்ல நின்னான். எங்கள் இருவரில் யார் படித்தவர் என்பதை நீங்களே தீர்மானம் செய்யுங்கள். வளாகத்துக்குள் மாணவர் வண்டிக்கு இடம் தர வேண்டும் என்பதை மட்டும் நடுவர் அய்யா தீர்ப்பாகச் சொல்லுங்கள்.